பேய்க்கதை பேசிய இரவு

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

"பேய்" என்ற சொல்லைக் கேட்டதும் காதைப் பொத்திக்கொள்வோர் உண்டு. "அப்புறம் என்ன ஆயிற்று?" என்று நெருங்கி உட்காருவோரும் உண்டு. பெரும்பாலோர் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்பவர்களே! நாங்களும் அப்படித்தான். ஆகவே இந்தக் கட்டுரையைப் படிக்கும் அன்புத் தோழியர் எங்களைப் பெரிய வீராங்கனைகள் என்று எண்ணிவிட வேண்டாம்.

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த இரவு. புதுவையில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியதை அனைவரும் அறிவீர்கள். புதுவைக்கு வடக்கே, கடற்கரைச் சாலையை ஒட்டிய எங்கள் பெரிய முதலியார்சாவடியில் மதியத்திற்கு முன்பே மின்சாரம் போய்விட்டது. எங்கள் தெருவில் கீற்று வீட்டிலும் ஓட்டு வீட்டிலும் இருந்த நான்கு குடும்பத்தார் ஒரு மாடி வீட்டில் வந்து தங்கினோம். கைப்பேசிகளில் இருந்த கொஞ்சம் உயிரையும் அவசரத்திற்கென்று பெரியவர்கள் அணைத்து வைத்துவிட்டார்கள். வெளிச்சத்திற்கு இருந்தவை கல்லறைத் திருநாளுக்கு வாங்கி மிஞ்சிய மெழுகுவர்த்திகள் மட்டுமே. நவம்பர் மாதம் இறந்தோரை நினைக்கும் மாதம் அல்லவா! அதன் கடைசி நாள் இரவில், அதே மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், வெளியே காற்று ஊளையிட, பேய்க்கதை தொடங்காமல் இருக்குமா? ஜெபமாலை முடிந்த சற்று நேரத்திற்கெல்லாம் தொடங்கிவிட்டது.

சாவடி என்றால் வழிப்போக்கர் தங்கிச் செல்லும் இடம் என்று பொருள். நடந்தும் மாட்டு வண்டியிலும் பயணம் செய்த காலத்தில், முன்பின் அறியாதவர்கள் ஓர் இரவு ஒரே கூரையின்கீழ்ப் படுத்திருப்பார்கள். அவர்கள் வழியில் கண்டதையும் காணாததையும் பேசித்தானே பொழுதைக் கழித்திருப்பார்கள்? ஆக, எங்கள் ஊரின் பெயரே கதை பேசுவதற்கு ஏற்ற பெயர்தான்.

முதற்கதை கொள்ளிவாய்ப் பிசாசு. எங்கள் ஊருக்கு வடக்கே வானூர், மரக்காணம் வட்டங்களில் கழுவெளி என்னும் பெரிய உவர்நீர்ச் சதுப்பு நிலம் பரந்து கிடக்கிறது. 2021-இல் தமிழக அரசு அதனைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலிலும் அது சேர்ந்தது. பூநாரைகள் வந்து இறங்கும் அழகிய இடம். ஆனால் அந்தக் காலத்தில் இரவில் அந்தப் பக்கம் போனவர்கள் வாயில் தீயோடு ஒரு பிசாசு அலைவதைப் பார்த்தார்களாம். நெருங்கினால் விலகுமாம், விலகினால் பின்தொடருமாம். கதை சொன்ன தாத்தா, தம் தகப்பனார் அதைக் கண்டு மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தார் என்று முடித்தார்.

இதற்கு விளக்கம் உண்டு, நாங்களும் விடவில்லை. சதுப்பு நிலச் சேற்றின் அடியில் செத்த கோரையும் பாசியும் இலையும் காற்றுப் படாமல் அழுகுகின்றன. அப்போது மீத்தேன் என்னும் வாயு உண்டாகிக் குமிழி குமிழியாக மேலே வருகிறது. 1776-இல் இத்தாலிய அறிஞர் அலெஸ்ஸாண்ட்ரோ வோல்டா, மாஜியோரே ஏரிக்கரைச் சேற்றைக் கோலால் கிளறி, அந்தக் குமிழிகளைப் பிடித்து, அது எரியும் வாயு என்று கண்டறிந்தார். மின்கலத்தைக் கண்டுபிடித்த அதே வோல்டாதான்! ஆனால் "மீத்தேன் எரிகிறது, கதை முடிந்தது" என்று சொல்வது சரியன்று. தீ வைக்க ஒருவர் வேண்டுமே? மீத்தேன் தானாகப் பற்றிக்கொள்வதில்லை. பாஸ்பரஸ் கலந்த வேறொரு வாயு காற்றுப் பட்டதும் தானே எரிந்து அதையும் பற்றவைக்கிறது என்று பலகாலம் கூறி வந்தனர். 2025-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ரிச்சர்ட் ஸேரும் அவருடைய கூட்டாளிகளும் வேறு விளக்கம் தந்தனர். நீரில் எழும் நுண்ணிய குமிழிகளுக்கு இடையே கண்ணுக்கு எட்டாத குட்டி மின்னல்கள் பாய்கின்றனவாம். அவையே மீத்தேனைத் தூண்டக்கூடுமாம். நெருங்கினால் விலகுவது ஏன்? நாம் நடக்கும்போது நம் உடலோடு சேர்ந்து காற்றும் அசைகிறது. எடையில்லாத சுடர் அந்தக் காற்றோடு நகர்கிறது என்பர். தாத்தாவின் தகப்பனார் பொய் சொல்லவில்லை என்பதில் எங்களுக்கு மகிழ்ச்சி.

அடுத்தது மரக்காணத்து உப்பளக் கதை. உப்பு வாரும் வேலைக்கு வெயிலுக்கு அஞ்சி இருட்டிலேயே புறப்பட வேண்டும். அங்கே வேலை செய்த மாமா ஒருவர் புதிதாகச் சேர்ந்தபோது, விடியற்காலை மூன்று மணிக்குச் சைக்கிளில் போனாராம். மங்கிய நிலவில் பாத்தி வரப்பின்மேல் வெள்ளைப் புடவை கட்டிய பெண்கள் ஏழு பேர் வரிசையாகக் குந்தியிருந்தார்களாம்! சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்து, மேஸ்திரியை அழைத்துக்கொண்டு போனால், அத்தனையும் உப்புக் குவியல்கள். அதிலும் முந்தின நாள் மாலை தாமே வாரிக் குவித்தவை! "என் கையால செஞ்ச பேயிங்க" என்று மாமா சொன்னதும் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

இதிலும் ஓர் உண்மை உண்டு. நம் விழித்திரையில் கூம்பு செல்கள், குச்சி செல்கள் என இருவகை உள்ளன. நிறத்தைக் காட்டுவன கூம்பு செல்கள். அவற்றுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். மங்கிய ஒளியில் வேலை செய்பவை குச்சி செல்கள். அவற்றுக்கு நிறமும் தெரியாது, நுணுக்கமும் தெரியாது. விழித்திரையின் நட்ட நடுவில் குச்சி செல்களே இல்லை. எனவே இருட்டில் கடைக்கண்ணில் தென்படும் உருவம், நேராக உற்றுப் பார்த்தால் மங்கி மறைந்துவிடுகிறது. "பார்த்துக்கொண்டே இருந்தேன், மாயமாய் மறைந்துவிட்டது" என்று எத்தனை பேர் கூறக் கேட்டிருக்கிறோம்! விடுதித் தோழியர் இன்றிரவே நட்சத்திரங்களைப் பார்த்துச் சோதித்து அறியலாம். மங்கலான நட்சத்திரம் சற்று ஓரமாகப் பார்த்தால்தான் தெரியும்.

தூக்கத்தில் நெஞ்சின்மேல் ஏறி அமர்ந்து அமுக்கும் 'அமுக்குவான்' பற்றி எங்களிலேயே ஒருத்தி சொன்னாள். கண் விழித்திருக்கும், கை கால் அசையாது, கத்தினாலும் சத்தம் வராது, அறையில் யாரோ நிற்பது போலிருக்கும். கனவு காணும் தூக்கத்தின்போது, நாம் எழுந்து ஓடிவிடாதபடி மூளை உடலின் தசைகளைக் கட்டிப்போடுகிறது. கட்டு அவிழும் முன்னே மனம் விழித்துக்கொண்டால் வரும் நிலை இது. சில நொடிகள், மிஞ்சினால் சில நிமிடங்கள் நீடிக்கும். ஜப்பானியரிடமும், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவினரிடமும் இதற்குத் தனிப் பெயர்கள் உள்ளன. தேர்வுக் காலத்தில் தூக்கம் கெட்டால் இது கூடுதலாக வரும் என்பதைப் பத்தாம் வகுப்புத் தோழியர் கவனத்திற்குக் கொண்டு வருகிறோம்.

புளியமரத்துப் பேய்க்கும் ஒரு 'விஞ்ஞான விளக்கம்' சொல்வார்கள். இரவில் மரம் கரியமில வாயுவை வெளியிடுவதால் அடியில் படுத்தவருக்கு மூச்சு முட்டுகிறது என்பார்கள். இதை நாங்கள் ஏற்கவில்லை. திறந்த வெளியில் அந்த வாயு கலைந்து போய்விடும். பக்கத்தில் படுத்திருக்கும் அக்காள் விடும் மூச்சிலும்தான் கரியமில வாயு உண்டு! விஞ்ஞானம் என்று சொல்லிவிட்டால் மட்டும் ஒரு செய்தி உண்மையாகிவிடாது. பேயை எப்படி விசாரிக்கிறோமோ, அப்படியே அதையும் விசாரிக்க வேண்டும்.

பிறகு வந்தது மீன் கதை. இரவில் கறியோ மீன் குழம்போ எடுத்துச் சென்றால் வாடைக்குப் பேய் வரும் என்று, தூக்குவாளியில் ஒரு கரித்துண்டைப் போட்டு அனுப்பும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. எங்களில் ஒருத்தியின் சிற்றப்பா, குழம்போடு வந்த வழியில் பின்னால் காலடி கேட்டு நடுங்கி, "எடுத்துக்கொள்!" என்று வாளியைக் கீழே வைத்துவிட்டு ஓடினாராம். காலையில் வாளி நக்கித் துடைத்தது போல் இருந்ததாம். அந்தத் தெருவில் நாய்கள் எத்தனை என்று நாங்கள் கேட்டோம். அவர் பதில் சொல்லவில்லை.

இந்த இடத்தில் ஒருத்திக்கு மறைக்கல்வி வகுப்பு நினைவுக்கு வந்தது. நம் ஆண்டவர் இரவின் நான்காம் சாமத்தில் கடல்மேல் நடந்து வந்தபோது சீடர்கள் பேய் என்று எண்ணி அலறியதை மத்தேயு நற்செய்தியில் படிக்கிறோம். அவர்களும் மீனவர்கள், அன்றும் காற்று எதிர்க்காற்று. உயிர்த்தெழுந்த பின்னரும் அவர்கள் ஆவியைக் கண்டதாகவே அஞ்சினர். அப்போது ஆண்டவர் தாம் ஆவி இல்லை என்று காட்டும்படி, உண்ண ஏதேனும் கேட்டு, சுட்ட மீனை அவர்கள் கண்முன் உண்டதாக லூக்கா எழுதுகிறார். "அங்கே மீன் தின்றால் பேய் இல்லை, நம்ம ஊரில் மீன் கேட்டால்தான் பேய்!" என்று அவள் சொன்னதும், சிரிக்கலாமா கூடாதா என்று நாங்கள் பெரியவர்கள் முகத்தைப் பார்த்தோம். எங்கள் பாட்டியம்மாளே முதலில் சிரித்துவிட்டார்.

அச்சமும் சிரிப்பும் இப்படிச் சேர்ந்து வருவது புதிதன்று. கலிங்கத்துப் பரணியைப் பாருங்கள்! முதலாம் குலோத்துங்க சோழனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்றதைப் பாடிய செயங்கொண்டார், போர்க்களத்தில் பேய்களை அழைத்து வந்து கூழ் காய்ச்ச விடுகிறார். அந்தப் பேய்கள் செத்த யானையின் தந்தத்தால் பல் விளக்கி, அதன் விலா எலும்பால் நாக்கு வழித்து, ஒழுங்காகக் குளித்துவிட்டுத்தான் சமையலைத் தொடங்குகின்றன! பந்தியில் குருட்டுப் பேயும் ஊமைப் பேயும் உண்டு. தமிழம்மா இதை நடத்திக் காட்டியபோது வகுப்பே சிரித்தது. ஆனால் கூழில் வெந்தது என்ன? நேற்றுவரை உயிரோடு இருந்த போர்வீரர்கள். இதை நாங்கள் அன்று வகுப்பில் நினைக்கவில்லை. புயல் இரவுக்குப் பின்தான் நினைத்தோம்.

ஏன் என்று சொல்ல வேண்டும்.

எங்கள் வகுப்பில் ஒரு பேய்க்கதை உலவியது. 'ஈரப்புடவை அக்கா' என்று பெயர். யார் முதலில் சொன்னது என்று தெரியாது. ஆளுக்கொரு வரி சேர்த்தது மட்டும் தெரியும். பொழுது சாய்ந்தபின் கடற்கரையில் ஒரு பெண் நடப்பாள். வெயில் நாளிலும் அவள் புடவை முழங்காலுக்கு மேல் நனைந்திருக்கும். எதிரில் வருபவரை நிறுத்தி, "என் புள்ளயப் பாத்தீங்களா?" என்பாள். பார்க்கவில்லை என்றால் விட்டுவிடுவாள். பார்த்தேன் என்று சொல்லிவிட்டால் கூடவே வருவாள், விடமாட்டாள். இந்தக் கதையை நாங்கள் ஆறாம் வகுப்புச் சிறுமிகளிடம் சொல்லி வேடிக்கை பார்த்தோம். எங்களில் ஒருத்தி ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு குழாயடியில் நடித்தும் காட்டினாள். ஒரு சிறுமி பயந்துபோய் இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை.

அன்று இரவு எங்கள் முறை வந்ததும் இதைத்தான் சொன்னோம், குரலை எல்லாம் மாற்றி. முடித்தபோது யாரும் சிரிக்கவும் இல்லை, பயப்படவும் இல்லை. சுவரோரம் படுத்திருந்த ஆயா எழுந்து உட்கார்ந்தார்.

"அது பேயி இல்லடி. என் தங்கச்சி."

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை, ஆழிப்பேரலை வந்தது. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். அவர்களில் 6,000-க்கும் மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். நாங்கள் அப்போது பிறக்கவே இல்லை. ஆயாவின் தங்கையை ஒரு மீனவக் குப்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவர் மகனுக்கு அப்போது ஆறு வயது. அலை வந்தபோது மணலில் விளையாடிக்கொண்டிருந்தவன் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அதன்பின் பல மாதங்கள் பொழுது சாயும் நேரத்தில் அந்த அம்மாள் கடற்கரையில் நடந்தார். அலையில் இறங்கி இறங்கித் தேடியதால் புடவை நனைந்தது. எதிர்ப்பட்டவர்களிடம் எல்லாம் மகனைக் கேட்டார். யாரோ ஒருவர், பாவம் என்று நினைத்தோ, தொல்லை விட்டால் போதும் என்றோ, "அங்கே தெற்கே பார்த்தேன்" என்று சொல்லிவிட்டார். அவர் பின்னாலேயே அடுத்த குப்பம்வரை போய், இரவெல்லாம் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாராம். வீட்டார் போய் அழைத்து வந்தார்கள். பெயரும் கதையும் தெரியாத பிள்ளைகள் அவரைக் கண்டு ஓடத் தொடங்கினர்.

மற்றக் கதைகளுக்கெல்லாம் அன்று நாங்கள் அக்கறையாக விளக்கம் சொன்னோம் அல்லவா? இந்தக் கதைக்கு ஆயா விளக்கம் சொல்லிவிட்டார். ஈரப்புடவை, கேள்வி, பின்தொடர்வது, ஒன்றுவிடாமல் எல்லாவற்றிற்கும். மெழுகுவர்த்தி அணைந்தபின் வேறொன்று ஏற்ற யாரும் எழவில்லை.

பிற்பாடு ஜப்பானைப் பற்றி ஒரு செய்தி படித்தோம். அங்கே 2011 மார்ச் 11-இல் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் ஏறத்தாழ 18,000 பேரைக் கொண்டுபோயின. இஷினோமாகி என்னும் கடற்கரை நகரத்து வாடகைக் கார் ஓட்டுநர்களிடம் ஒரு பல்கலைக்கழக மாணவி சென்று, அந்தப் பேரழிவுக்குப் பின் ஏதேனும் வினோத அனுபவம் உண்டா என்று கேட்டார். 2016-இல் அந்த ஆய்வு உலகச் செய்தியாயிற்று. நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கேட்டதில் பெரும்பாலோர் பேச மறுத்தனர். ஏழு பேர் சொன்னார்கள். கோடைக்காலத்தில் குளிர்கோட்டு அணிந்த ஒரு பெண் காரில் ஏறி, அலை அழித்துவிட்ட ஒரு பகுதிக்குப் போகச் சொன்னாளாம். அங்கே இப்போது ஒன்றும் இல்லையே என்று ஓட்டுநர் கூறவும், தான் இறந்துவிட்டேனா என்று கேட்டாளாம். திரும்பிப் பார்த்தால் இருக்கை காலி. இது கனவா, களைப்பா, வேறெதுவுமா என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்த ஓட்டுநர்கள் அஞ்சவில்லை என்பதே எங்களை நிறுத்தி வைத்தது. மீட்டர் ஓடிய கட்டணத்தைத் தாங்களே கட்டிவிட்டு, மறுபடி அப்படி ஒருவர் வந்தாலும் ஏற்றிக்கொள்வோம் என்றார்களாம். அவர்களுக்கு அது சொந்த ஊர் ஆள்.

எங்கள் கதையில் வந்தவரோ உயிரோடு இருப்பவர். அதுவும் யார் தெரியுமா? எங்கள் தெருவுக்கு மீன் கூடை கொண்டுவரும் அம்மாள்தான். எங்கள் எல்லோர் வீட்டுக் குழம்பும் அவர் கொடுத்த மீன்தான். ஆயா அதைச் சொன்னபோது எங்களுக்கு நாக்கு எழவில்லை. இந்தக் கட்டுரையை எழுதலாமா என்று ஆயாவிடம் கேட்டோம். அவர் தங்கையிடம் கேட்டுவிட்டு வந்து, "பேரு போடாம எழுதிக்க சொன்னா" என்றார்.

புயலுக்குப் பின் சில நாள்கள் படகுகள் கடலுக்குப் போகவில்லை. அதன்பின் ஒருநாள் காலை அந்த அம்மாள் கூடையோடு வந்தார். நாங்கள் இருவர் பாத்திரம் எடுத்துப் போனோம். நெத்திலியை அளந்து போட்டுவிட்டு, "புயலுக்குப் பயந்துட்டீங்களா பொண்ணுங்களா?" என்று கேட்டார். இல்லை என்றோம். இன்னொரு கைப்பிடி அள்ளிப் போட்டார். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க எங்களால் முடியவில்லை.

பள்ளி திறந்ததும் ஆறாம் வகுப்புக்குப் போய், பயந்துபோன அந்தச் சிறுமியைத் தனியே அழைத்து, ஈரப்புடவை அக்கா என்று பேய் எதுவும் இல்லை, அவர் ஆழிப்பேரலையில் மகனைத் தொலைத்த ஓர் அம்மா என்று சொன்னோம். அவள் சற்று நேரம் யோசித்தாள்.

"அப்ப அந்தப் பையன் கிடைச்சானா அக்கா?" என்று கேட்டாள்.

இல்லை என்றோம்.